வே ரெபோவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

மலைப்பாதையின் கடைசி ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குகிற இடத்தில் சின்னக் குடில் ஒன்று இருக்கிறது. 'ருமா காசிஹ் இபு' என்பார்கள். தாயன்பு வீடு என்று பொருள். அங்கே தொங்கும் மூங்கில் துண்டைக் கூட வரும் வழிகாட்டி தட்டுவார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கீழே பள்ளத்தில் இருக்கும் வே ரெபோ என்ற இந்தோனேசிய மலையூருக்கு அப்படித்தான் தெரியும். ஏழு கூம்பு வீடுகளும் வட்டமாகக் கண்ணில் படும்போது கை தானாகவே கேமராவுக்குப் போகும். எனக்கும் போனது. வழிகாட்டி புன்னகையோடு கையால் மறித்தார். "முதலில் பெரிய வீடு, அப்புறம் போட்டோ" என்றார்.

அந்த வரிசையை மனதில் வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எப்படிப் போவது, என்ன செலவாகும், எதை எடுத்துப் போவது எல்லாம் சொல்கிறேன். ஆனால் அந்த ஊர் விருந்தாளியிடம் எதிர்பார்ப்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். அது தெரியாமல் போய் வந்தவர்கள் பலர், ஏழு வீடுகளின் படத்தோடு மட்டும் திரும்பியிருக்கிறார்கள்.

எங்கே இருக்கிறது

இந்தோனேசியாவின் கிழக்கே, நூசா தெங்காரா தீமூர் மாகாணத்தில் ஃபுளோரெஸ் தீவு இருக்கிறது. அதன் மேற்குப் பகுதி மங்காராய் மக்களின் நாடு. தெற்குக் கடலைப் பார்த்த மலைகளுக்குள், கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல், காடு சூழ்ந்த ஒரு பள்ளத்தில் வே ரெபோ அமைந்திருக்கிறது. 'வே' என்றால் மங்காராய் மொழியில் தண்ணீர். ஊருக்கு வண்டிப்பாதை கிடையாது. அரிசியும் உப்பும் சர்க்கரையும் ஆள் தோளில் ஏறுகின்றன. காப்பிக்கொட்டை ஆள் தோளில் இறங்குகிறது.

ஊரின் முதல் முன்னோர் பெயர் எம்போ மாரோ. மேற்கே வெகுதூரத்தில், சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து புறப்பட்டு, பல இடங்களில் குடியிருந்து பார்த்து, கடைசியில் இங்கே வந்து தங்கினார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. வழியில் ஒரு மரநாய் அவருக்கு உதவியதாம். அதனால் வே ரெபோக்காரர்கள் மரநாய்க் கறி சாப்பிடுவதில்லை. அவர் வந்ததிலிருந்து பதினெட்டுத் தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது என்று கணக்குச் சொல்கிறார்கள். இன்று எல்லாரும் கத்தோலிக்கர்கள். ஆனாலும் ஊர்க் காரியம் எதையும் முன்னோரிடம் சொல்லாமல் தொடங்குவதில்லை.

எப்போது போகலாம்

மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. பாதை காய்ந்திருக்கும், அட்டை குறைவு. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம். ஒரே இரவில் பல குழுக்கள் ஒரே வீட்டில் படுக்க வேண்டி வரும். என்னைக் கேட்டால் மே, ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழை. மலைச்சாலையில் மண் சரியும், ஏறும் பாதை வழுக்கும், அட்டை ஏறும். முதல் முறை போகிறவர் இந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

நவம்பர் மாதத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மங்காராய் மக்களின் புத்தாண்டும் அறுவடை நன்றித் திருநாளுமான 'பென்தி' வே ரெபோவில் அந்த மாதம்தான் நடக்கிறது. வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வருவார்கள். பறையும் கொங்கு என்னும் உலோகத் தட்டும் ஒலிக்க, ஆண்கள் எருமைத்தோல் கேடயமும் சாட்டையும் ஏந்தி 'சாச்சி' ஆடுவார்கள். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அது அவர்கள் குடும்ப விழா. தேதியை முன்பே கேட்டு, வரலாமா என்றும் கேட்டுக்கொண்டு போங்கள்.

விசா, பணம், போன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா வாங்கலாம். முன்கூட்டியே இணையத்திலும் வாங்கலாம். கட்டணம் 5 லட்சம் ருப்பியா, 30 நாள் இருக்கலாம், ஒரு முறை நீட்டிக்கலாம். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். விதிகள் மாறக்கூடியவை, அதனால் கிளம்பும் வாரத்தில் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒரு முறை பாருங்கள். அதே பெயரில் போலித் தளங்களும் உண்டு, கவனம்.

ருப்பியாவில் சுழியங்கள் அதிகம் என்பதால் முதல் நாள் தலை சுற்றும். அண்மை ஆண்டுகளில் ஒரு இந்திய ரூபாய்க்கு 180 முதல் 190 ருப்பியா என்ற அளவில் கிடைத்து வருகிறது. அதாவது 10,000 ருப்பியா என்றால் ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஏடிஎம் ஃபுளோரெஸின் நகரங்களான லபுவான் பாஜோவிலும் ரூத்தெங்கிலும் இருக்கிறது. மலையடிவாரத்தில் கிடையாது, ஊரில் கிடையவே கிடையாது. தேவையான முழுப் பணத்தையும் நோட்டாக எடுத்துப் போக வேண்டும். அதில் 10,000, 20,000, 50,000 நோட்டுகள் நிறைய இருக்கட்டும். மலைமேல் யாரிடமும் ஒரு லட்சம் நோட்டுக்குச் சில்லறை கேட்டு நிற்காதீர்கள்.

ஃபுளோரெஸில் சிம் வாங்கினால் டெல்கொம்செல் வாங்குங்கள். உள்நாட்டில் ஓரளவு கிடைப்பது அதுதான். வே ரெபோவில் அதுவும் கிடைக்காது. வீட்டில் கவலைப்படுவார்கள் என்றால் 'நாளை இரவு வரை போன் எடுக்காது' என்று கீழே இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

டெங்கே வரை

சென்னையிலிருந்து நேராக ஃபுளோரெஸுக்கு விமானம் இல்லை. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பாலி அல்லது ஜகார்த்தா போய், அங்கிருந்து லபுவான் பாஜோ விமானம் பிடிக்கலாம். பாலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாலிக்கும் ஃபுளோரெஸுக்கும் ஒரே நேரம்தான். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

லபுவான் பாஜோ துறைமுக ஊர். கொமோடோ உடும்பு பார்க்கப் படகேறுகிறவர்கள் எல்லாம் இங்கேதான் வருவார்கள். வே ரெபோவுக்கான பயணமும் இங்கிருந்துதான் தொடங்கும். மலையடிவாரக் கிராமமான டெங்கேவுக்குக் காரில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். லெம்போர் சமவெளியின் வயல்களைக் கடந்து, அப்புறம் தெற்குக் கடலோரமாகவோ மலைவழியாகவோ திரும்பும் பாதை. தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். சாலை குறுகல், வளைவு அதிகம், சில இடங்களில் தார் பெயர்ந்து கிடக்கும். டின்தோர் என்ற கடலோர ஊரை அடைந்தால் எதிரே கடலில் மூலெஸ் தீவு தெரியும். அங்கிருந்து மேலே திரும்பினால் டெங்கே.

ஓட்டுநரோடு கார் எடுப்பதுதான் புதியவருக்கு நல்லது. நான்கு பேர் சேர்ந்தால் செலவும் தாங்கும். மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவர், சர்வதேச ஓட்டுநர் உரிமமும் வைத்திருப்பவர் மட்டும் அதை யோசிக்கலாம். ரூத்தெங் நகரிலிருந்து வருகிறவர்களுக்கு 'ஓத்தோ கோல்' இருக்கிறது. லாரியின் பின்பக்கம் மரப்பலகை இருக்கை போட்டு, கூரையும் போட்டு ஆள் ஏற்றும் வண்டி. கோழி, அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், எல்லாம் ஒன்றாக வரும். நேரம் இருந்தால் ஒரு முறை ஏறிப் பாருங்கள். ஆனால் நாளுக்கு ஒன்றிரண்டுதான் ஓடும், எப்போது கிளம்பும் என்பதும் ஆள் நிறைவதைப் பொறுத்தது.

லபுவான் பாஜோவில் விற்கும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு பகல் ஓர் இரவு: விடியலில் கிளம்பி, உச்சி வெயிலில் மலையேறி, மறுநாள் காலை இறங்கி, ராத்திரி லபுவான் பாஜோ. முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மணி நேரம் வண்டியில் குலுங்கிவிட்டு அந்த ஏற்றத்தில் கால் வைப்பது உடம்புக்கு நல்லதில்லை. டெங்கேயில் ஓர் இரவு தங்குங்கள். வீட்டோடு சேர்ந்த தங்கும் அறைகள் அங்கே இருக்கின்றன, சாப்பாடும் அவர்களே போடுவார்கள். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் காட்டுக்குள் போய்விடலாம். திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

பையில் என்ன

பெரிய பெட்டியை டெங்கேயிலேயே விட்டுவிடலாம், வைத்திருப்பார்கள். மேலே ஓர் இரவுக்கான சின்னப் பை போதும். பிடிமானம் உள்ள காலணி, முழங்காலுக்குக் கீழே வரும் கால்சட்டை, நீளமான காலுறை, மழைக்கோட்டு, மாற்றுத்துணி, டார்ச், ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய் மாதிரி ஏதாவது. ஸ்வெட்டரை மறக்காதீர்கள். இந்தோனேசியா என்றால் வெக்கை என்று நினைத்து வருகிறவர்கள் இரவில் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். பருத்தி ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு காயாது. எனக்கு மறுநாள் காலைவரை காயவில்லை.

அட்டைக்கு உப்பும் வேண்டாம், தீயும் வேண்டாம். நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் போதும், வலிக்காது. நான் உண்மையில் எச்சரிக்க நினைப்பது நாய்களைப் பற்றி. ஃபுளோரெஸில் 1997 இறுதியிலிருந்து வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. எந்த ஊரிலும் நாயைத் தடவிக் கொடுக்க வேண்டாம். கடித்தாலோ நகம் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரூத்தெங் அல்லது லபுவான் பாஜோ மருத்துவமனைக்குப் போங்கள். இந்தப் பக்கத் தீவுகளில் மலேரியாவும் உண்டு என்பதால் கிளம்பும் முன் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

ஏற்றம்

டெங்கேயிலிருந்து ஊர்வரை மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் அளவு. முன்பெல்லாம் முழுவதும் நடை. இப்போது முதல் நிறுத்தமான வே லோம்பா ஓடைவரை பாதை போட்டிருக்கிறார்கள். 'ஓஜெக்' என்கிற வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அங்கே போய்விடலாம். அதற்குமேல் நடை மட்டும்தான், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம்.

வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பாதை தெளிவாகத்தான் இருக்கிறது, வழி தவறுவது அரிது. ஆனாலும் உங்களை ஊருக்குள் அழைத்துப் போய் 'இவர்கள் நம்மிடம் வந்திருக்கிறார்கள்' என்று சொல்ல ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். டெங்கேயிலேயே ஆள் கிடைப்பார், கட்டணம் குழுவுக்கு ஒன்று. முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வே லோம்பாவிலிருந்து இரண்டாவது நிறுத்தமான போச்சோரோகோ வரைதான் செங்குத்து. அங்கே மூச்சு வாங்கும். 'பெலான் பெலான்' என்பார் வழிகாட்டி, மெதுவா மெதுவா என்று அர்த்தம். போச்சோரோகோ ஒரு மலை விளிம்பு. வானம் தெளிந்திருந்தால் கீழே கடல்வரை தெரியும். அதற்குப் பிறகு காட்டுக்குள் ஏற்ற இறக்கமான பாதை, முதல் பகுதி அளவுக்குக் கடினமில்லை. இது தோடோ ரெபோக் பாதுகாக்கப்பட்ட காடு. பறவைச் சத்தம் நிறைய இருக்கும், அதனால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேண்டாம். தலையில் மூட்டையோடு எதிரே வருகிறவர்களைப் பார்த்தால் பாதையின் மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள். நாம் மூன்று மணி நேரம் எடுக்கும் பாதையை அவர்கள் சுமையோடு அதில் பாதி நேரத்தில் நடக்கிறார்கள். 'பெர்மிசி' என்று ஒரு வார்த்தை சொன்னால் முகம் மலரும்.

வார்த்தை என்றதும் ஒன்று. இந்தோனேசிய மொழி நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. கப்பலுக்கு 'காபால்', கடைக்கு 'கெடாய்', மாம்பழத்துக்கு 'மங்கா', குளத்துக்கு 'கோலாம்'. பழைய கடல் வணிகத்தில் தமிழிலிருந்து போய் அங்கே வேர்பிடித்த சொற்கள் இவை. 'செலாமாத் பாகி' (காலை வணக்கம்), 'தெரிமா காசிஹ்' (நன்றி), 'போலே ஃபோட்டோ?' (படம் எடுக்கலாமா?) என்ற மூன்றையும் வண்டியில் போகும்போதே பழகிக்கொள்ளுங்கள். மங்காராய் மொழியில் 'தாபே' என்றால் மரியாதையான வணக்கம். வயதில் பெரிய ஆணை 'பாப்பாக்' என்றும் பெண்ணை 'இபு' என்றும் கூப்பிட வேண்டும். நம்மூரில் ஐயா, அம்மா சொல்கிற மாதிரிதான்.

பெரிய வீட்டு வாசலில்

மூங்கிலைத் தட்டியாயிற்று. இனி கேமராவும் போனும் பைக்குள் போகட்டும். நேராக நடுவில் இருக்கும் பெரிய வீட்டுக்குப் போவீர்கள். 'ம்பாரு கெண்டாங்' என்று பெயர், முரசு வீடு. ஊரின் முரசுகளும் கொங்குகளும் அங்கேதான் தொங்குகின்றன. காலணியைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போக வேண்டும். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும். பாயில் சம்மணம் போட்டு உட்காருங்கள், நமக்கு அது சுலபம். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.

அங்கே நடப்பதற்கு 'வே லூ' என்று பெயர். ஊர்ப் பெரியவர் ஒருவர் மங்காராய் மொழியில் முன்னோரிடம் பேசுவார். தூரத்திலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அவர்களை ஏற்றுக்கொள்ளுங்கள், இங்கே இருக்கும்போதும் திரும்பிப் போகும் வழியிலும் காத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சில நிமிடங்கள்தான். குழுவின் சார்பாக ஒரு சிறு காணிக்கை வைப்பது வழக்கம். எவ்வளவு என்பதை வழிகாட்டி சொல்வார். அதைக் கையால் நீட்டாமல் அவர் காட்டும் முறையில் வையுங்கள். நடுவில் எழுந்து போவது, குசுகுசுப்பது, போனை எடுப்பது எதுவும் வேண்டாம்.

இது முடிந்தபின் நீங்கள் ஊர்ப் பிள்ளை. அவர்கள் சொல்வது அப்படித்தான், நடத்துவதும் அப்படித்தான். இதற்கு அப்புறம் படம் எடுக்கலாம், ஊரைச் சுற்றலாம், முற்றத்தில் உட்காரலாம். நான் போய்வந்த ஊர்களிலேயே விருந்தாளியை இத்தனை ஒழுங்காக உள்ளே அழைத்துக்கொண்ட ஊர் வேறில்லை. வீட்டுக்கு வந்தவரைக் குலதெய்வத்துக்கு முன் நிறுத்தி 'இவன் நம்ம பையன்' என்று சொல்வதற்கு ஒப்பான காரியம் இது. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போக நினைத்தால், மூன்று மணி நேரம் மலையேறியதில் அர்த்தம் இல்லாமல் போகும்.

இன்னும் சில:

ஊர் நடுவே வட்டமான கல்மேடை இருக்கிறது, 'சொம்பாங்' என்று பெயர். முன்னோருக்குப் படையல் வைக்கும் இடம். அதன்மேல் ஏறவோ உட்காரவோ கூடாது. படத்துக்கு அழகான இடம் என்று தோன்றும், ஏறிவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் கையில் கொடுக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் வாரநாட்களில் கீழே கொம்போ, டெங்கேப் பக்கம் தங்கிப் படிக்கிறார்கள். மேலே இருப்பது பெரும்பாலும் சின்னஞ்சிறுசுகள். வருகிறவர் எல்லாம் மிட்டாய் கொடுத்தால் கை நீட்டும் பழக்கம் வந்துவிடும். நோட்டுப் புத்தகம், பென்சில் மாதிரி ஏதாவது கொண்டுபோனால் பெரியவர்களிடம் கொடுங்கள், பகிர்ந்துகொள்வார்கள்.

ட்ரோன் வைத்திருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். கணவன் மனைவியாகப் போனாலும் பொது இடத்தில் கட்டிப் பிடிப்பது போன்றவற்றைத் தவிர்க்கலாம்.

கட்டணம் ஊருக்குப் பொதுவாகப் போகிறது. இரவு தங்க, சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 3.25 லட்சம் ருப்பியா, பகலில் வந்து போக 2 லட்சம் என்று பல ஆண்டுகள் இருந்தது. இப்போதைய தொகையை டெங்கேயில் கேட்டுக்கொள்ளுங்கள். பேரம் பேச வேண்டாம்.

வீட்டைப் பார்க்கும் விதம்

படம் எடுத்து முடித்ததும் கொஞ்ச நேரம் ஒரு வீட்டை மட்டும் பாருங்கள். 'ம்பாரு நியாங்' என்பது இந்தக் கூம்பு வீட்டின் பெயர். உயரம் சுமார் 15 மீட்டர். கூரைதான் சுவரும், தரைக்குப் பக்கம்வரை இறங்கி வருகிறது. ஒருவகைப் பனையின் கறுப்பு நாரும் நீளப் புல்லும் கொண்டு வேய்ந்தது. ஆணி கிடையாது, மரமும் மூங்கிலும் பிரம்பால் கட்டப்பட்டிருக்கின்றன. பெரிய வீட்டில் எட்டுக் குடும்பங்கள், மற்றவற்றில் ஆறு குடும்பங்கள் என்ற அளவில் வாழ்கின்றன.

உள்ளே ஐந்து தளங்கள். கீழ்த்தளமான 'லூத்தூர்' குடியிருக்கும் இடம். அதற்குமேல் 'லோபோ', உணவும் சாமானும் வைக்கும் பரண். மூன்றாவது 'லெந்தார்', அடுத்த விதைப்புக்கான விதை அங்கே இருக்கும். நான்காவது 'லெம்பா ராயே', மழை பொய்த்த வருடத்துக்கான சேமிப்பு. உச்சியில் 'ஹெகாங் கோடே', முன்னோருக்கான படையல். இன்றைய சோறு கீழே, அடுத்த வருட விதை நடுவே, பஞ்சகாலத்துக்கு அதற்குமேல், எல்லாவற்றுக்கும் மேல் முன்னோர் என்று ஒரு குடும்பத்தின் கணக்கு முழுவதும் ஒரு கூரைக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. இந்த அடுக்கு புரிந்தபோதுதான் அந்த வீடு இவ்வளவு உயரமாக இருப்பதன் காரணம் எனக்குப் புரிந்தது. மேல்தளங்களில் கேட்காமல் ஏற வேண்டாம்.

தரைத்தளத்தில் அடுப்பு எரிகிறது. புகைபோக்கி இல்லாததால் கண் எரியும். ஆனால் அந்தப் புகைதான் கூரையையும் மூங்கிலையும் பூச்சி அரிக்காமல் காக்கிறது, பரணிலுள்ள தானியத்தையும் காக்கிறது. அடுப்பு எரியாத ம்பாரு நியாங் சீக்கிரம் உளுத்துப் போகும். ஆள் குடியில்லாத வீடு பாழ் என்று நாம் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

இன்று ஏழு வீடுகள் நிற்பது தானாக நடந்ததில்லை. 2008இல் கட்டடக் கலைஞர் யோரி அந்தார் தம் குழுவோடு வந்தபோது நான்குதான் மிச்சம் இருந்தன. அவற்றிலும் சில பழுது. பெரியவர்களுக்குக் கட்டத் தெரியும், இளைஞர்கள் கட்டிப் பார்த்ததில்லை. நன்கொடை திரட்டி, பழைய வீட்டைப் பிரித்துப் பார்த்து, பெரியவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் கற்றுக் கட்டினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பணிக்கு 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதில் உயரிய பரிசு கிடைத்தது. 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்போது கற்றுக்கொண்ட இளைஞர்களுக்கு அடுத்த முறை கூரை மாற்றத் தெரியும்.

சாப்பாடு

சோறு, கீரை அல்லது சௌசௌ கொழுந்து, முட்டை, சில சமயம் கோழி, கூடவே காரமான சம்பால். எல்லாரும் பாயில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். எளிய சாப்பாடு, அந்த நடைக்குப் பிறகு அமிர்தம்.

சைவர்கள் டெங்கேயிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அரிசியும் காயும் மேலே சுமந்து போக வேண்டியவை. 'சைவம்' என்ற ஒரு வார்த்தை போதாது, கோழியையும் மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. 'சாயா திடாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈகான்' என்று முழுவதும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் சாப்பிட மாட்டேன். சம்பாலில் 'தெராசி' என்னும் இறால் விழுது இருக்கலாம், 'தன்பா தெராசி' என்றால் அது இல்லாமல். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. சாப்பிடாதவர்கள் பருப்புப்பொடியோ ஊறுகாயோ கொஞ்சம் எடுத்துப் போனால் சோற்றுக்குத் துணையாகும். எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு கரண்டி கொடுங்கள்.

காப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த ஊர் நிற்பதே காப்பியில்தான். சுற்றுச் சரிவுகளில் அரபிகாவும் ரோபஸ்டாவும் வளர்கின்றன. வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டையைக் காயவைத்திருப்பார்கள். நடக்கும்போது மிதித்துவிடாமல் சுற்றிப் போங்கள். பெண்கள் உரலில் இடித்து, அடுப்பில் வறுத்துப் பொடிக்கிறார்கள். குவளையில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றிச் சர்க்கரை சேர்த்துத் தருவார்கள், வடிகட்டுவது கிடையாது. மண்டி அடியில் படியும்வரை பொறுத்துக் குடியுங்கள்.

இரவும் விடியலும்

விருந்தாளிகளுக்கான வீட்டில் வட்டமாகப் படுக்கை விரித்திருக்கும். தலையணை, போர்வை அவர்கள் தருவார்கள். தனி அறை கிடையாது. ஆணும் பெண்ணும் அவரவர் குழுவோடு அடுத்தடுத்துப் படுப்பார்கள். கழிப்பறை வெளியே இருக்கிறது, தண்ணீர் ஐஸ்போல இருக்கும். மாலையில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம் என்று எண்ணிக்கொண்டு, பவர்பேங்கைக் கீழேயே நிரப்பி எடுத்துப் போங்கள். ஒன்பது மணிக்கு மேல் குரலைத் தாழ்த்துங்கள்; தரையில் ஒருவர் நடந்தால் வட்டம் முழுவதும் அதிரும்.

விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். இருட்டில் முதலில் எதுவும் தெரியாது. அப்புறம் கூரைகளின் இடுக்கெல்லாம் புகை கசிவது தெரியும். ஏழு வீட்டிலும் அடுப்பு மூட்டியிருப்பார்கள். பனி கீழிருந்து ஏறி வந்து புகையோடு கலக்கும். பகலில் வந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது, ஓர் இரவாவது தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். படம் எடுங்கள், பத்து நிமிடம் போதும். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

காலையில் பெண்கள் தறியில் 'சொங்கே' துணி நெய்வதைப் பார்க்கலாம். கறுப்பு நிலத்தில் வண்ண நூல் வேலைப்பாடு. ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதை விலை கேட்கும்போது நினைவில் வையுங்கள். துணி வாங்க வசதி இல்லாவிட்டால் காப்பிப்பொடி வாங்குங்கள். அந்தப் பணம் நேராக நெய்தவர் கைக்கோ இடித்தவர் கைக்கோ போகிறது.

இறங்கிய பிறகு

இறக்கம் சுலபம் என்று வேகம் எடுக்க வேண்டாம். முழங்கால் பிடிப்பதும் வழுக்கி விழுவதும் இறங்கும்போதுதான். குப்பையை எல்லாம் உங்கள் பையிலேயே கொண்டுவாருங்கள். மேலே விட்டுவந்தால் இன்னொருவர்தான் சுமந்து இறக்க வேண்டும்.

நேரம் இருந்தால் லபுவான் பாஜோவுக்கு நேரே திரும்பாமல் ரூத்தெங் பக்கம் போங்கள். வழியில் தோடோ இருக்கிறது, பழைய மங்காராய் அரசர்களின் ஊர், அங்கேயும் ம்பாரு நியாங் உண்டு. ரூத்தெங்குக்கு அருகிலுள்ள சஞ்சாரில் 'லிங்கோ' வயல்கள் இருக்கின்றன. நடுப்புள்ளியிலிருந்து கதிர்கதிராகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று வெட்டிய வயல், மேலிருந்து பார்த்தால் சிலந்தி வலை. வே ரெபோ கூரையின் உட்புறத்தை அண்ணாந்து பார்த்திருந்தால் அந்த வடிவத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். மலைமேட்டில் ஏறிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். ரூத்தெங்குக்கு வடக்கே லியாங் புவா குகை, 2003இல் 'ஹோமோ ஃபுளோரெசியென்சிஸ்' என்ற குள்ள மனித இனத்தின் எலும்பு கிடைத்த இடம். ஒரு முழுநாள் வைத்துக்கொண்டால் மூன்றையும் பார்க்கலாம்.

கிளம்பும் காலையில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பையைத் தூக்கியதும் அப்படியே பாதைக்குப் போய்விடாமல், சோறு போட்ட வீட்டு இபுவிடமும் வே லூ சொன்ன பெரியவரிடமும் நேரில் போய் 'பெர்மிசி புலாங்' என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்வர உத்தரவு கேட்பது அது. பெரியவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். இன்னொரு குவளை காப்பி குடிக்கச் சொன்னால் குடித்துவிட்டே இறங்குங்கள், ஓஜெக் காத்திருக்கும்.